40 கிலோமீட்டர் வேகம் போதும்... படத்தில் பைக் பறக்கும்! - தாமிரபரணிக் கரையில் கேமராக்காரர்களின் ரூட்

காலை ஐந்தரை மணி. பாபநாசம் படித்துறையில் குளிக்க வந்தவர்களின் கூட்டம் இன்னும் சேரவில்லை. தோளில் பெரிய பையோடு ஒருவர் படியிறங்கி, கிழக்கே ஒரு தடவை, மேற்கே ஒரு தடவை பார்க்கிறார் என்றால் அவர் குளிக்க வந்தவர் இல்லை, வெளிச்சம் பார்க்க வந்தவர். கொஞ்ச நேரத்தில் கல்யாணம் நிச்சயமான ஜோடி ஒன்று காரில் வந்து இறங்கும்.

நெல்லையில் ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபர்களுக்கு இந்த ஆற்றங்கரைதான் ஸ்டுடியோ. வாடகை கிடையாது. ஆனால் அதற்கென்று நேரம் உண்டு, விதி உண்டு, ஆபத்தும் உண்டு. இவர்களில் சிலருக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. ஆற்றங்கரையில் மணப்பெண்ணை நிதானமாகப் படம் எடுக்கும் அதே கை, சில வாரக் கடைசிகளில் ரேஸ் பைக்கைத் துரத்திக்கொண்டிருக்கும்.

ஆடி வந்தால் ரேஸ்!

வைகாசி, ஆவணி, தை என்று முகூர்த்த மாதங்களில் இவர்களுக்குத் தூங்க நேரம் இருக்காது. ஆடி பிறந்தால் போன் ஒலிக்காது. மார்கழியிலும் அப்படித்தான். தேசிய அளவிலான பைக் ரேஸ் சுற்றுகளில் பலவும் பெரும்பாலும் ஆண்டின் இரண்டாம் பாதியில்தான் வருகின்றன. கல்யாணம் இல்லாத வாரங்களில் ரேஸ் இருந்தால், இரண்டும் தெரிந்த கேமராக்காரருக்கு அதுதான் சமாளிப்பு.

ஆனால் நெல்லையில் ரேஸ் டிராக் இல்லை. ஒன்று, கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, சென்னையில் இறங்கி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை போக வேண்டும். சென்னையின் பழைய ரேஸ் ரசிகர்களுக்குச் சோழவரம் ஞாபகம் வரும். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில்தான் அந்தக் காலத்தில் பைக்குகளும் கார்களும் பறந்தன. அதற்குப் பிறகு வந்தது இருங்காட்டுக்கோட்டை. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர்.

டிராக் இல்லையே தவிர, பைக் உலகத்தோடு இந்த மாவட்டத்துக்குப் பெரிய சொந்தம் உண்டு. டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தில் முதல் எழுத்து எந்த ஊர் தெரியுமா? நம்பி கோயில் இருக்கும் திருக்குறுங்குடிதான். டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1877-ல் அங்கே பிறந்தவர். அவர் பெயரைத் தாங்கிய பைக் நிறுவனத்தின் ரேஸ் அணி 1982 முதல் களத்தில் இருக்கிறது.

ஒரே லென்ஸ், இரண்டு வேலை

ரேஸுக்குப் போகும் பையில் கட்டாயம் இருப்பது 70-200 ஜூம் லென்ஸ். மணப்பெண்ணின் முகத்தைப் பின்னணி மங்க எடுப்பதற்கும் அதே லென்ஸ்தான். மாறுவது ஷட்டர் வேகம் மட்டும்.

இங்கேதான் ஒரு சுவாரஸ்யமான கணக்கு இருக்கிறது. 120 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் ஒரு நொடியில் சுமார் 33 மீட்டர் கடக்கும். அதை 1/1000 நொடியில் படம் எடுத்தால், அந்த நேரத்துக்குள் பைக் நகர்வது 3 சென்டிமீட்டர்தான். படத்தில் பார்த்தால் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தியது மாதிரி இருக்கும்! முழு வேகத்தில் ஓட்டியதற்கு எந்த அடையாளமும் தெரியாது.

இப்போது பைக்கை 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். ஷட்டரை 1/30 நொடிக்குக் குறையுங்கள். காலை நகர்த்தாமல், இடுப்பை மட்டும் திருப்பி, பைக் போகும் வேகத்துக்கே கேமராவையும் கொண்டுபோய், நடுவில் கிளிக் செய்யுங்கள். அந்த நேரத்துக்குள் பைக் 37 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். கேமராவும் கூடவே நகர்வதால் பைக் தெளிவாக விழும். பின்னால் இருக்கும் தென்னை, வயல் எல்லாம் கோடு கோடாக இழுபடும். படத்தைப் பார்ப்பவர், பைக் பறக்கிறது என்பார். இதற்குப் பெயர் பேனிங். முதல் நாளில் 50 கிளிக்கில் ஒன்று உருப்படியாக வந்தாலே சந்தோஷம்தான். பழகப் பழகக் கை வசப்படும்.

``அண்ணே, வீலிங் அடிக்கேன்...''

இந்தக் கணக்கு தெரியாத தம்பிகள்தான் இவர்களுக்குத் தலைவலி. ``அண்ணே, பைபாஸ்ல வீலிங் அடிக்கேன், ஒரு ரீல்ஸ் எடுத்துத் தாங்க'' என்று கையில் காசோடு வந்து நிற்பார்கள். தொழில் இல்லாத ஆடி மாதத்தில் அந்தக் காசை வேண்டாம் என்று சொல்வது சுலபமில்லை. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டிராக்கில் எல்லா பைக்கும் ஒரே திசையில் போகும். வளைவுக்கு வெளியே, விழுந்தால் சறுக்கிப் போக இடம் விட்டிருப்பார்கள். கொடியோடு மார்ஷல்கள் நிற்பார்கள், ஆம்புலன்ஸ் தயாராக இருக்கும். ஓட்டுபவர் தலை முதல் கால்வரை கவசம் போட்டிருப்பார். போட்டோகிராபர்கூட அனுமதி வாங்கி, அடையாள ஜாக்கெட் போட்டு, தடுப்புக்குப் பின்னால்தான் நிற்க முடியும். நான்குவழிச் சாலையில் என்ன இருக்கிறது? எதிரே ராங் சைடில் வாழைத்தார் ஏற்றிய டெம்போ வரலாம். நடுவில் மாடு நிற்கலாம்.

சட்டமும் கடுமைதான். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பொதுச்சாலையில் ரேஸ் விட்டால் முதல் தடவை 5,000 ரூபாய்வரை அபராதம், மூன்று மாதம்வரை சிறை, அல்லது இரண்டுமே. மறுபடி சிக்கினால் 10,000 ரூபாய், ஒரு வருடம்வரை போகும். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம்வரை சிறையும் காத்திருக்கின்றன. பிள்ளைக்கு பைக் சாவி கொடுக்கும் அப்பாக்கள் இதை ஒரு தடவை படித்துவிடுவது நல்லது.

ஆற்றோடு ஒரு நாள்

சரி, நீங்களும் கேமராவோ போனோ எடுத்துக்கொண்டு கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். எங்கே, எப்போது போகலாம்?

காலையில் மேற்கே போங்கள். சூரியன் கிழக்கே சமவெளியில் எழுவதால், பொதிகை மலையின் முகத்தில் நேராக வெளிச்சம் விழும். பாபநாசம், மணிமுத்தாறு பக்கமெல்லாம் காலைக்குத்தான் அழகு. மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே ஒளிந்துகொள்ளும். அடிவாரத்தில் நிழல் விழுந்த பிறகும் நெல்லை டவுன் பக்கம் வெயில் மிச்சம் இருக்கும். அதனால் மாலையில் கிழக்கே திரும்பிவிட வேண்டும்.

எட்டு மணி வாக்கில் வீரவநல்லூர் பக்கம் திருப்புடைமருதூருக்கு வரலாம். தாமிரபரணியும் கடனாநதியும் சேரும் ஊர். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் இருக்கும் மரச்சிற்பங்களும் ஓவியங்களும் பிரசித்தம். ஊர் மரங்களில் பறவைகள் கூடு கட்டுவதால் 2005-ல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். இங்கே ஃபிளாஷ், டிரோன், கலர்ப் புகை எதுவும் வேண்டாம். குஞ்சு இருக்கும் கூட்டை விட்டுத் தாய்ப்பறவை பறந்துவிடும்.

உச்சி வெயிலில் படம் எடுக்காதீர்கள். கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். அந்த நேரத்துக்குக் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் மண்டபம் இருக்கிறது. நாயக்கர் காலத்துச் சிற்பங்களைக் கண்ணால் பார்க்கவே அரை நாள் வேண்டும். படம் எடுப்பதென்றால் முதலில் அனுமதி கேளுங்கள்.

மாலைக்குக் குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயில். வெள்ளம் வந்தால் கோயில் மூழ்கும். உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப்போவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்திலும் மூழ்கி, பிறகு நீருக்கு மேலே வந்து நின்றது. இருட்டத் தொடங்கும்போது சுலோச்சன முதலியார் பாலம். சொந்தப் பணத்தைப் போட்டு ஒருவர் ஊருக்குக் கட்டிக் கொடுத்த பாலம், 1843-ல் திறக்கப்பட்டது. அதன் வளைவுகள் தண்ணீரில் தெரியும் நேரம் பத்து நிமிஷம்தான். தவறவிட்டால் மறுநாள்தான்.

வயல் பச்சை வேண்டுமா? கார் சாகுபடி நடக்கும் ஜூலை, ஆகஸ்டில் அல்லது பிசானத்துக்கு டிசம்பர், ஜனவரியில் வாருங்கள். நெற்கதிர் பொன்னிறம் வேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச்.

`ஒரு அடி பின்னால' சொல்லாதீர்கள்

ஆற்றங்கரை ஷூட்டில் அனுபவசாலிகள் மறந்தும் சொல்லாத வார்த்தை இது. தண்ணீருக்கு முதுகு காட்டி நிற்பவரைப் பின்னால் போகச் சொல்லவே கூடாது. பாறையில் பாசி இருக்கும். அணையில் தண்ணீர் திறந்தால் ஆறு சட்டென்று ஏறும். நனைந்த பட்டுப்புடவையும் லெஹங்காவும் காலைக் கட்டிப்போடும், நீச்சல் தெரிந்தவருக்கும் அது உதவாது. அதனால் ஷூட்டுக்கு முன் அணையில் தண்ணீர் திறப்பு உண்டா என்று விசாரிப்பார்கள், கரையில் உள்ளூர் ஆள் ஒருவரை நிறுத்துவார்கள்.

அகத்தியர் அருவி, காரையாறு பக்கமெல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை செக்போஸ்ட் திறந்திருக்கும் நேரத்தில்தான் போய்வர முடியும். பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது, டிரோன் பறக்கவிடக் கூடாது. பலூன், பூ, உடைந்த பாட்டில் என்று படத்துக்காகக் கொண்டுபோனது எதுவும் ஆற்றில் தங்கக் கூடாது. நாளை இன்னொரு ஜோடிக்கும் இதே தண்ணீர்தான் பின்னணி. கீழே பல ஊர்களுக்கு இதே தண்ணீர்தான் குடிநீர்.

வீலிங் கேட்டு வந்த தம்பிகளுக்கும் இவர்களிடம் பதில் இருக்கிறது. ஹெல்மெட் போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத தனியார் இடத்தில், 40-ஐத் தாண்டாமல் இரண்டு தடவை ஓட்டச் சொல்கிறார்கள். திரையில் படத்தைக் காட்டினால் தம்பியின் வாய் திறந்தபடியே நிற்கும். இவ்வளவு வேகமாகவா போனோம் என்று அவனே கேட்பான்.

வீட்டுச் சுவரில் மாட்டத்தான் இவர்கள் படம் எடுத்துத் தருகிறார்கள். அந்தப் படத்துக்கு யாரும் மாலை போட வேண்டிய நாள் வரக் கூடாது என்பதால்தான், ஆடி மாதத்திலும் அந்தக் காசு வேண்டாம் என்கிறார்கள்.