மறுமுறை ஆடிய ஆட்டம்

1997ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஃபால்அவுட்’ என்னும் கணினி விளையாட்டைச் சென்ற விடுமுறையில் யாம் இருமுறை ஆடினோம். அணுப்போரில் அழிந்த அமெரிக்காவிலே, நிலவறையொன்றில் வாழ்வோர்க்கு நீரளிக்கும் பொறியின் சில்லு பழுதுற, 150 நாட்களுள் வேறொன்று தேடிக் கொணர்தல் வேண்டும் என்பதே கதையின் தொடக்கம். வலிமை, அறிவு, நல்லூழ் முதலிய ஏழு குணங்களையும் 1 முதல் 10 வரை அளவிட்டுப் பாத்திரத்தை யாமே படைத்துக்கொள்ளலாம்.

முதன்முறை அறிவை மிகுத்து வைத்தோம். சென்றவிடமெல்லாம் மதிப்புப் பெற்றோம். மறுமுறை, வேடிக்கை கருதி, அறிவை 2 ஆக்கி வலிமையைப் பெருக்கினோம். எம் வீரனுக்கோ முனகலன்றிப் பேச்சு வரவில்லை. முன்னர் எம்மிடம் உதவி வேண்டியோரே இப்பொழுது ஏளனஞ்செய்து விலக்கினர். பணிகள் பலவும் எமக்குக் கிட்டவேயில்லை. ஊரும் அதுவே, மாந்தரும் அவரே.

நகைக்கத் தொடங்கிய யாம் நகைப்பை மறந்தோம். வகுப்பிலே ஆங்கிலம் நாவில் வாராது தடுமாறிய நண்பனொருவனைக் கண்டு யாம் நகைத்த நாள் நெஞ்சில் எழுந்தது. அதன்பின் அவன் வகுப்பில் வாய் திறந்ததேயில்லை.

கல்லூரி திறந்ததும் அவனை நாடிப் பிழை பொறுக்குமாறு வேண்டினோம். அவன் புன்னகைத்து, “அடுத்து உன் முறை வருமென்று அஞ்சித்தானே நகைத்தாய்?” என்றான்.

விடை கூற எமக்கும் அன்று மொழி கிட்டவில்லை.