டிஸ்பேட்சுக்கு முன் ஓர் எழுத்துரு

ஓசூர் சிப்காட்டில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் காதில் விழும் சொல் ‘டிஸ்பேட்ச்’. வண்டி ஏறும் முன் பாகத்தை அளந்து, விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகே அனுப்புவார்கள். எழுத்துரு செய்யும் நானும் அந்த ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறேன். வரைவது பாதி வேலைகூட ஆகாது. மைஃபான்ட்ஸ் மாதிரி இணையச் சந்தையில் வாங்குகிறவரை நான் பார்க்கப்போவதில்லை. அவர் சிங்கப்பூரில் இருக்கலாம், யாழ்ப்பாணத்தில் இருக்கலாம், பெங்களூரில் பிஸ்கட் உறை வடிவமைக்கலாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் கையில் அது ஓட வேண்டும்.

நான் பெரும்பாலும் செய்வது பலகை எழுத்து. இந்த ஊர் அதைத்தான் கேட்கிறது. தமிழ்நாட்டில் கடைப் பலகைக்கு 5:3:2 என்று கணக்கு: தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, வேறு மொழிக்கு இரண்டு. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குள் போனால் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும். 2024இல் கர்நாடகம் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. ஒரே நிறுவனம் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பலகை, அந்தப் பக்கம் ஒரு பலகை வைக்கிறது. ஆகவே தமிழ் எழுத்துருவுக்குள் ஆங்கிலத்தை ஒப்புக்குச் சேர்த்து அனுப்ப எனக்கு மனம் வராது. ஒரே அளவில் அடித்தால் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் நெஞ்சு நிமிர்த்தி நிற்கும், பக்கத்தில் தமிழ் குறுகிப்போகும். நான் தமிழை முதலில் முடித்து, ‘ப’வின் உயரத்தை அளவாக வைத்து, ஆங்கிலத்தை அதற்குக் கொஞ்சம் மேலே மட்டும் விட்டு வரைகிறேன். 2010இல் வந்த ₹ குறியும் அதே உயரத்தில், அதே தடிமனில் இருக்கும். விலைப்பலகை எழுதுகிறவருக்கு முதலில் வேண்டியது அதுதான்.

திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். கோப்பைச் சந்தைக்கு ஏற்றும் முன் ஸ்டிக்கர் கட்டிங் கடைக்கும் லேசர் கட்டிங் பட்டறைக்கும் எடுத்துப் போய்விடுவேன். ‘கூ’ வரையும்போது ககரத்தின் மேல் வாலை ஒட்டவைத்து, இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி விட்டால் திரை கறுப்பாக நிரப்பிக் காட்டிவிடும். பிளாட்டர் கத்தி அப்படி மன்னிக்காது. இரண்டு விளிம்பையும் தனித்தனியாக வெட்டும். உரிக்கும்போது வால் தனியே, உடம்பு தனியே கையோடு வரும். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே வெளிக்கோடாக இணைத்த பின்தான் கோப்பை மூடுவேன். ஒரே கோப்பில் எல்லாத் தடிமனும் அடங்கும் வேரியபிள் ஃபான்ட்டில் இந்த ஏற்றங்கள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். பலகைக்காரருக்கென்று தனித்தனித் தடிமனில் நிலையான கோப்புகளும் பொதியில் இருப்பது இதற்காகத்தான்.

லேசரில் வேறு கதை. ஒரு வளைவில் தேவைக்கு மேல் புள்ளிகள் வைத்திருந்தால் தலை அங்கங்கே தயங்கும், எஃகுத் தகட்டில் அந்த இடம் கருகித் தெரியும். ‘ஞ’வின் அடி வளைவைக் குறைந்த புள்ளிகளில் ஓடவிடுவது எவ்வளவு பெரிய வித்தை என்று அந்தத் தகட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் தெரியும். முழுக்க ஊடுருவி வெட்டினால் ‘ம’வின் கண்ணும் ‘வ’வின் கண்ணும் கழன்று விழுந்துவிடும். மரப்பெட்டியில் பெயிண்ட் அடிக்கத் தகடு கேட்கும் ஆலைகளை மனத்தில் வைத்து, பாலம் விட்ட ஸ்டென்சில் வகையையும் குடும்பத்தில் சேர்க்கிறேன். பாலத்தை எங்கே விடுவது என்பதில் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். தவறிய இடத்தில் விட்டால் ‘வ’ வேறு ஏதோ குறியாகிவிடும்.

எனக்கு மிகப் பிடித்த வேலை ரகரமும் துணைக்காலும். பழைய அச்சில் ர், ரி, ரீ மூன்றும் அடியில் வால் இல்லாமல், துணைக்காலைப் போலவே நின்றன. வாசகர் சொல்லைக் கொண்டு எழுத்தைப் புரிந்துகொண்டார். நெடுஞ்சாலைப் பலகையில் அதற்கு நேரமில்லை. கிருஷ்ணகிரி சாலையில் வேகமாக வருகிறவருக்கு ஒரு பார்வைதான் கிடைக்கும். வாலைச் சாய்வாக, தைரியமாக நீட்டுகிறேன். அதே காரணத்தால் ஔகாரக் குறியின் பின்பகுதியை ‘ள’வைவிடச் சிறிதாக வரைகிறேன், ‘கௌ’வும் ‘கெள’வும் கலந்துவிடக் கூடாது. ‘ட்’டின் புள்ளி தண்டின் தலையிலா, கிடைக்கோட்டின் நடுவுக்கு மேலா என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து கிடையாது. நான் இரண்டுக்கும் இடையே, கொஞ்சம் தண்டுப் பக்கமாக வைக்கிறேன்.

யூனிகோடில் தமிழ்க் கட்டத்தில் இருப்பவை 72 குறிகள்தாம். மற்ற வடிவங்களைப் பிறப்பிப்பது எழுத்துருவின் பொறுப்பு. கு முதல் னூ வரை 36ஐயும் தனியே வரைய வேண்டும். டி, டீ வேறு. ‘ஙூ’ யாருக்கு வேண்டும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு எழுத்து அட்டவணை அச்சிடுகிறவருக்கு வேண்டும். அவர் அட்டையில் அந்த ஒரு கட்டம் மட்டும் வேறு எழுத்துருவில் துருத்திக்கொண்டு நிற்பதை என்னால் பொறுக்க முடியாது. அடுத்து உயரம். விண்டோஸ் இந்த எல்லைக்கு மேலும் கீழும் வெட்டிவிடலாம் என்று எடுத்துக்கொள்ளும் இரண்டு எண்கள் கோப்புக்குள் உண்டு. ‘ஸ்ரீ’யின் தலையையும் ‘ஞூ’வின் அடியையும் அளந்து அவற்றை நிரப்புகிறேன்.

1978இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது மாறியவை 13 எழுத்துகள். ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய தும்பிக்கை வடிவங்களையும், ணா, றா, னா ஆகியவற்றின் சுருட்டிய வடிவங்களையும் மாற்று எழுத்துகளாக உள்ளே வைக்கிறேன். பழங்காலப் படத்துக்குப் போஸ்டர் செய்கிறவர் அவற்றைத் தேடித்தான் வருவார். இயல்பாக அடித்தால் புதியது வரும், ஒரு சொடுக்கில் பழையது வரும்.

பொதியில் ஒரு பக்கக் குறிப்பும் போகும். இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கெ’வின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், வாங்கியவர் எழுத்துரு உடைந்துவிட்டதாக நினைப்பார். பாமினி, வானவில் என்று பழைய குறியாக்கங்களில் பழகிய டி.டி.பி. கடைகளுக்கும் யூனிகோட் புதிது. திட்டாமல், படத்தோடு, தமிழில் எழுதுகிறேன்.

கேட்டமரான், கவிவனார், பலூ தம்பி, ஹிந்த் மதுரை என்று நல்ல தமிழ் எழுத்துருக்கள் கூகுளில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைச் செய்தவர்களை மனமார மதிக்கிறேன். அப்படியிருக்க ஒருவர் காசு கொடுத்து வாங்குகிறார் என்றால், தகட்டில் வெட்டிப் பார்த்த உழைப்புக்கும் கொடுக்கிறார். உரிமத்தையும் அதற்கேற்ற தெளிவோடு பிரிக்கிறேன்: கணினிக்கு ஒன்று, இணையதளத்துக்கு ஒன்று, செயலிக்கு ஒன்று. வெட்டி விற்கும் பலகைக்குத் தனிக்கட்டணம் கேட்பதில்லை. இந்த எழுத்துரு பிறந்ததே அதற்காக.

விற்ற பிறகும் வேலை ஓயாது. யாராவது எழுதிச் சொன்னால் புள்ளியை நகர்த்துவேன், வளைவைச் சீராக்குவேன், பதிப்பு எண்ணை ஏற்றி மாற்றங்களை வரிசையாக எழுதி அனுப்புவேன். எழுத்தின் அகலத்தை மட்டும் தொடமாட்டேன். எங்கோ ஒருவர் இதில் 300 பக்கப் புத்தகம் கோத்து வைத்திருப்பார். ‘ண’வை ஒரு நூலளவு அகலமாக்கினாலும் அவருடைய வரிகள் சரிந்து, பக்கங்கள் நகர்ந்து, பொருளடக்கம் பொய்யாகிவிடும். அகலம் மாற்றியே தீர வேண்டும் என்றால் வேறு பெயரில் புதிய எழுத்துருவாகவே வெளியிடுவேன். பழையதும் கடையில் இருக்கும்.