ஐந்து தட்டுக்கு இரண்டு குமிழ்

டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில், 2017-இல் திறக்கப்பட்ட லெகோ இல்லத்துக்குள் படிக்கட்டு ஒரு மரத்தைச் சுற்றியபடியே மேலே ஏறுகிறது. மரத்தின் உயரம் 15 மீட்டருக்கும் மேல். அதில் 63,16,611 பிளாஸ்டிக் கட்டைகள். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, படமெடுத்து, நகர்கிறார்கள். மலைக்கவைக்கும் எண்தான். ஆனால் கட்டைமேல் கட்டை அடுக்கினால் எதையும் பெரிதாக்கிவிடலாம். அதற்குப் பொறுமையும் பணமும் போதும். கைவேலை பார்க்க நினைப்பவர்கள் மேல்தளத்துக்குப் போகவேண்டும். உலகெங்கும் உள்ள ரசிகர்கள் செய்த உருவங்கள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன.

அங்கே நான் முதலில் தேடியது குமிழ்களை. பல உருவங்களில் அவை கண்ணில் படவே இல்லை.

லெகோ கட்டையின் அடையாளமே தலையில் உள்ள அந்தக் குமிழ்தான். ஒரு கட்டையின் உட்புறக் குழாயில் இன்னொன்றின் குமிழ் கவ்விக்கொள்ளும் அமைப்புக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரப்பட்டது. தேர்ந்த கலைஞர்களோ அந்தக் குமிழைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறார்கள், சிலர் தலைகீழாக்குகிறார்கள். 'குமிழ் மேலே இல்லை' என்பது அந்த உத்தியின் பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் மூக்குச்சளி என்று வரும். யாரும் கூச்சப்படுவதில்லை.

திருப்பிய கட்டை மற்றவற்றோடு எப்படிப் பொருந்துகிறது? ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 8 மி.மீ. மெல்லிய தட்டுக் கட்டையின் தடிமன் 3.2 மி.மீ.; மூன்று தட்டு சேர்ந்தால் ஒரு முழுக்கட்டையின் உயரம். ஐந்து தட்டை அடுக்கினால் 16 மி.மீ., அதாவது சரியாக இரண்டு குமிழின் அகலம். படுக்கவைத்தாலும் நிறுத்தினாலும் கணக்கு உதைக்காது. இந்தத் தொழிலில் கற்பனை என்று சொல்லப்படுவதில் பாதி, இந்த வாய்பாட்டை விரல்நுனியில் வைத்திருப்பதுதான் என்று எனக்குத் தோன்றியது.

ஒற்றைக் குமிழுள்ள ஒரு குட்டிக் கட்டைக்குப் பக்கவாட்டிலும் ஒரு குமிழ் உண்டு. வாகன முகப்புவிளக்குக் கட்டை என்பார்கள். அதை வடிவமைத்த எர்லிங் டிடெரிக்சன் பெயராலும் அழைப்பார்கள். அந்தப் பக்கக் குமிழ் அரைத்தட்டு அளவு உள்ளே தள்ளி இருக்கிறது. அந்த 1.6 மி.மீ.தான் கலைஞர்களின் மூலதனம். சுவரிலிருந்து மயிரளவு உள்வாங்கிய ஜன்னல்கூட அதனால் சாத்தியமாகிறது. சதுரக் கட்டையில் உருண்டை செய்வதும் இதன் நீட்சிதான். நடுவே ஆறு முகங்களிலும் குமிழ் வெளியே பார்க்கும் ஒரு கனசதுரம். முகத்துக்கு ஒன்றாக ஒரே மாதிரியான ஆறு தட்டடுக்குகள். ரசிகர்கள் இதை லோவெல் கோளம் என்கிறார்கள்.

செய்யக்கூடாதவையும் உண்டு. இரு குமிழ்களுக்கு நடுவே தட்டை நெட்டுக்குத்தாகச் செருகினால் நுழைந்துவிடும், ஆனால் இறுகி, நாளடைவில் பிளாஸ்டிக்கைத் தளர்த்திவிடும். விற்பனைப் பெட்டிக்கான வடிவமைப்பாளர்கள் இதைச் சட்டவிரோதம் என்றே சொல்கிறார்கள். வீட்டில் விளையாடும் பிள்ளைகளை எந்தப் போலீசும் பிடிப்பதில்லை.

பக்கத்திலேயே லெகோலாந்து பூங்கா. 1968-இல் திறந்த அதன் சிற்றூர்களுக்கு உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் டாக்னி ஹோம். சிற்பம் கற்றவர், நிறுவனரின் உறவினர். திறந்தவெளியில் மழைக்கும் வெயிலுக்கும் நிற்கவேண்டிய உருவங்கள் என்பதால் அங்கே கட்டைகளைப் பசைபோட்டு ஒட்டுகிறார்கள். ரசிகர்களுக்குப் பசை என்றாலே ஆகாது. ஒட்டிய இடத்தில் தவறு நேர்ந்தால் பிய்த்தெடுக்க உளி வேண்டும்; வரைபடம் பார்த்து அடுக்கும் வேலை அப்போது தச்சுவேலையாகிவிடுகிறது. 1932-இல் இந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஓலே கிர்க் கிறிஸ்டியன்சனும் தச்சர்தான்.

பேருருவங்களின் பட்டறை செக் நாட்டின் கிளாட்னோவில் இருக்கிறது. 2013-இல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் நின்ற 'ஸ்டார் வார்ஸ்' போர்விமானம் அங்கே உருவானதுதான். 53,35,200 கட்டைகள், 32 பேர், 17,336 மணிநேரம். உள்ளே எஃகுச் சட்டகம் இருந்தது. அது இல்லாமல் அவ்வளவு எடையும் தாங்காது.

லெகோ இல்லத்தில் வருகிறவர்களுக்கு எட்டுக் குமிழுள்ள ஆறு சிவப்புக் கட்டைகளும் ஓர் அட்டையும் தருகிறார்கள். ஆறையும் 91,51,03,765 விதமாக இணைக்கலாம். அவற்றில் ஒன்று அட்டையில் இருக்கும். நிறுவனம் பல ஆண்டுகள் 10,29,81,500 என்றே சொல்லிவந்தது. ஆறு அடுக்கு உயரக் கோபுரங்களை மட்டுமே அந்தக் கணக்கு சேர்த்திருந்தது என்று கண்டறிந்து திருத்தியவர் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலெர்ஸ்.

அட்டையில் இருந்ததைத் திரும்பும் பேருந்திலேயே கட்டிவிட்டேன். பிறகு ஒரு கட்டையைப் பக்கவாட்டில் திருப்பி மாட்டப் பார்த்தேன். ஆறில் ஒன்றுக்கும் பக்கக் குமிழ் இல்லை.