யாருடைய வழக்கறிஞர்?

அப்பா 1994இல் கிள்ளானில் ஒரு மலிவுவிலை அடுக்குமாடி வீடு வாங்கினார். விலை 25,000 வெள்ளி. தோட்டத்து லயத்தைவிட்டு வெளியேறிய பிறகு எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் சொந்த வீடு. ஒப்பந்தம் போட்ட நாளைப் பற்றி அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். மேம்பாட்டு நிறுவனத்தின் ஆபிஸில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கெங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு பெண் விரல் வைத்துக் காட்டினார். தாள்கள் எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும். அப்பா படித்தது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை. ஏதோ கேட்க வாயெடுத்தபோது, கவலை வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அந்தப் பெண் மலாயில் சொன்னாராம்.

"லாயரும் இருந்தாரு. லாயர் காசு நாந்தான் கட்டுனேன்" என்று அப்பா முடிப்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருக்கும்.

வங்கிக் கடனைக் கட்டி முடித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வீட்டுக்கான ஸ்ட்ராத்தா கிராண்டு மட்டும் இன்றுவரை வரவில்லை. வீட்டைக் கட்டிய நிறுவனம் எப்போதோ கலைக்கப்பட்டுவிட்டது. வீட்டை விற்கவோ என் பெயருக்கு மாற்றவோ நினைத்தால், நிறுவனத்தின் கணக்கை முடிக்க நியமிக்கப்பட்டவரின் ஒப்புதலுக்காகப் போய் நிற்க வேண்டும்.

எனக்கு வீடு பார்க்கத் தொடங்கியபோது இதெல்லாம் நினைவில் இருந்திருக்க வேண்டும். இல்லை. கிள்ளானிலேயே ஒரு ஒற்றைமாடி வரிசை வீடு, சப்சேல், 420,000 ரிங்கிட். முன்னால் ஒரு மாமரம். சமையலறையை நன்றாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. அன்று மாலையே மாமாக் கடையில், தே தாரேக் ஆறுவதற்குள், ஏஜெண்டு நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு மூன்று விழுக்காட்டு முன்பணம் கட்டினேன். 12,600 ரிங்கிட். "இன்னும் ரெண்டு பேரு பாத்துட்டுப் போயிருக்காங்க தம்பி" என்று அவர் சொன்னது போதுமானதாக இருந்தது.

கையெழுத்துப் போட்ட பிறகுதான் வழக்கறிஞரைப் பற்றிய பேச்சே வந்தது. "நம்ம லாயர் இருக்காரு. வீட்டுக்காரருக்கும் அவருதான் பாக்குறாரு. ரெண்டு பேருக்கும் ஒரே ஆள்னா வேலை சீக்கிரம் முடியும். டிஸ்கவுன்டும் கேட்டு வாங்கித் தரேன்."

கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீடு வாங்கும் ஒப்பந்தத்துக்கான வழக்கறிஞர் கட்டணம் நம் நாட்டில் ஆளுக்கு ஆள் இஷ்டத்துக்கு வைப்பதல்ல. அதற்கென்று ஓர் அட்டவணை உண்டு. 2023இல் திருத்தப்பட்ட அட்டவணைப்படி முதல் 500,000 ரிங்கிட்டுக்கு 1.25 விழுக்காடு. என் வீட்டுக்கு 5,250. வங்கியில் 90 விழுக்காடு கடன் எடுத்தால், 378,000 ரிங்கிட் கடன் ஒப்பந்தத்துக்கு இன்னொரு 4,725. சேவை வரி தனி. முதல் வீடு என்பதாலும் விலை 500,000க்குள் இருப்பதாலும் முத்திரை வரி விலக்கு உண்டு. இல்லாவிட்டால் வீட்டை என் பெயருக்கு மாற்ற 7,400, கடன் ஒப்பந்தத்துக்கு 1,890 என்று அது வேறு போயிருக்கும். எப்படிப் பார்த்தாலும் யாரிடம் போனாலும் செலவில் பெரிய வித்தியாசம் வரப்போவதில்லை. அப்படியென்றால் எதை வைத்துத் தேர்வு செய்வது?

மூன்று இடங்களுக்கு போன் போட்டேன். மூன்று இடத்திலும் ஒரே கேள்விகள்: என் கோப்பை யார் பார்ப்பார், நிலப்பதிவை எப்போது தேடிப் பார்ப்பீர்கள், விற்பவர் இழுத்தடித்தால் என்ன செய்வீர்கள். ஏஜெண்டு சொன்ன இடத்தில் கிளார்க்குதான் பேசினார். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் சார், ஐசி காப்பி மட்டும் வாட்சாப்ல அனுப்பிடுங்க." வங்கி அதிகாரி கொடுத்த எண்ணில் பேசியவர் பொறுமையானவர்தான். ஆனால் என் வீட்டைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. கடன் தொகையை மட்டும் கேட்டார்.

அது ஏன் என்று பிறகுதான் புரிந்தது. கடன் ஒப்பந்தத்தைத் தயாரிக்கும் வழக்கறிஞர் வங்கியின் பட்டியலில் இருப்பவர். அவருடைய கட்சிக்காரர் வங்கி. நான் தவணை கட்டாமல் போனால் வீட்டை ஏலம்விட வங்கிக்கு வழி இருக்க வேண்டும். அவர் காக்கும் நலன் அது. அவருக்கான கட்டணத்தைக் கட்டுவது மட்டும் நான். புதிய வீடுகளுக்கு 'லீகல் ஃபீஸ் இலவசம்' என்று பதாகை கட்டுகிறார்களே, அங்கேயும் கதை ஏறக்குறைய இதுதான். மேம்பாட்டு நிறுவனத்துக்காக நிற்கும் வழக்கறிஞர், வாங்குபவருக்காகவும் நிற்கக்கூடாது என்று 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் சொல்கிறது. அப்படியானால் அந்த மேசையில் வாங்குபவருக்கென்று யாரும் இல்லை.

நான் வேலை செய்வது கட்டுமானத் தளத்தில். கான்கிரீட்டை ஊற்றிய குத்தகையாளரே அதைச் சோதித்து 'சரி' என்று எழுதிக் கொடுத்தால் நான் வாங்கமாட்டேன். ஒரு தூணுக்குக் கேட்கத் தெரிந்த கேள்வி, முப்பத்தைந்து வருடம் கடன் கட்டப்போகும் வீட்டுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாவது எண் தளத்தில் என்னோடு வேலை செய்யும் நண்பன் கொடுத்தது. ஜாலான் தெங்கு கிளானாவில், துணிக்கடைக்கு மேல்மாடியில் ஆபிஸ். மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பக்கத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனேன். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா. போனையும் அவரே எடுத்தார், கோப்பையும் அவரே பார்க்கிறார். நான் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏதும் சைன் பண்ணிட்டீங்களா தம்பி?"

தாளை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை இறக்கி இரண்டு முறை படித்தார். "பதினாலு நாள்ல எஸ்பிஏ சைன் பண்ணலேன்னா முன்பணம் போயிரும்னு இருக்கு. லோன் கிடைக்கலேன்னா என்ன ஆகும்னு ஒரு வரி இல்ல. கிராண்டுல பிரச்சினை இருந்தா என்ன ஆகும்னும் இல்ல. இதப் போடுறதுக்கு முன்னாடி ஒரு போன் அடிச்சிருந்தா, ரெண்டு வரி சேர்க்கச் சொல்லியிருப்பேன். அதுக்கு நான் காசு கூட வாங்கமாட்டேன்."

காது சூடானது. அப்பாவாவது படிக்க முடியாமல் கையெழுத்துப் போட்டார். நான் நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, படிக்காமல் போட்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து நில அலுவலகத் தேடலின் முடிவு வந்தது. கிராண்டில் பிரைவேட் கேவியட் இருந்தது. இந்த நிலத்தில் எனக்கும் உரிமை உண்டு என்று சொல்பவர் நிலப்பதிவில் போட்டு வைக்கும் தடை அது. தேசிய நிலச் சட்டப்படி ஆறு ஆண்டுகள் நிற்கும். அது இருக்கும்வரை என் பெயருக்கு மாற்றிப் பதிய முடியாது. போட்டவர் விற்பவரின் தம்பி. அப்பா விட்டுப்போன வீட்டில் தனக்கும் பங்கு உண்டு என்கிறார்.

ஏஜெண்டுக்கு போன் போட்டேன். "அது அண்ணன் தம்பி சண்ட தம்பி, சின்ன விஷயம். எஸ்பிஏ போட்டுட்டா பின்னால எடுத்துருவாங்க." எஸ்பிஏ போடும்போது நான் கட்ட வேண்டியது இன்னும் ஏழு விழுக்காடு, 29,400 ரிங்கிட். எங்கள் வீட்டில் எல்லாருடைய சேமிப்பையும் சேர்த்தால் வரும் தொகை.

வழக்கறிஞர் அம்மா ஒரு கடிதம் எழுதினார். தடை நீங்கிய பிறகே மீதிப் பணம், வழக்கமான மூன்று மாதமும் கூடுதல் ஒரு மாதமும் அந்த நாளிலிருந்துதான் தொடங்கும். "உங்க லாயர் ரொம்ப இழுக்குறாங்க" என்றார் ஏஜெண்டு. அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மாமரத்தை வேறு யாரோ கொண்டுபோகப் போகிறார்கள் என்ற கவலை. எனக்கும் இருந்தது. ஒரு இரவு முழுக்க, பேசாமல் முதல் லாயரிடமே போயிருக்கலாமோ என்றுகூட யோசித்தேன். அவருக்கு வீட்டுக்காரரும் கட்சிக்காரர். இந்தக் கடிதத்தை அவர் யாருக்கு எதிராக எழுதியிருப்பார்?

தம்பி தடையை எடுக்கவில்லை. வீடு கைவிட்டுப் போனது. முன்பணத்தைத் திரும்ப வாங்க நான்கு கடிதங்களும் இரண்டரை மாதமும் ஆயின. வழக்கறிஞர் அம்மா சில நூறு ரிங்கிட்தான் வாங்கினார். வீடு வாங்காமலேயே லாயர் காசு கட்டியவன் என்று வீட்டில் என்னைக் கிண்டல் செய்கிறார்கள்.

பணம் கிடைத்த அன்று அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். பிஸ்கட் டின்னில் வைத்திருந்த 1994ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை அப்பா எடுத்துக் கொடுத்தார். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். முப்பது வருடம் கழித்து அப்பா தன் ஒப்பந்தத்தை முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் வழக்கறிஞரின் சாப் இருந்தது.

"இவரு உங்க லாயர் இல்லண்ணே. கம்பெனியோட லாயர்."

அப்பா அந்த சாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "காசு நாந்தானேம்மா கட்டுனேன்" என்றார்.

கீழே துணிக்கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கிராண்டு வாங்க என்னென்ன செய்யலாம், எவ்வளவு நாள் ஆகலாம், எது நடக்காமலும் போகலாம் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். எதையும் 'பாத்துக்குறோம்' என்று சொல்லவில்லை. எழுந்து கிளம்பும்போது அப்பா தயங்கி நின்று கேட்டார்: "இப்ப நீங்க யாருக்கு லாயர்?"

"உங்களுக்குத்தாண்ணே. இருங்க, எழுதித் தரேன்."

தன் பெயரும் அப்பாவின் பெயரும் போட்டு, இன்ன வேலைக்காக, இன்ன கட்டணத்துக்கு என்று ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்தார். அப்பா உடனே கையெழுத்துப் போடவில்லை. தாளை என்னிடம் நீட்டி, "படிச்சு சொல்லு" என்றார்.