செத்துப்போன சைஸ்

ட்ரையத்லன் சைக்கிள் வாங்கப் போனால் கடையில் முதலில் கதைப்பது காற்றைப் பற்றித்தான். எந்த வளைவு காற்றை எப்படிக் கிழிக்கும், தண்ணீர்ப் போத்தலை எங்கே ஒளித்திருக்கிறார்கள், எத்தனை நிமிடம் மிச்சம் என்று ஒரு பிரசங்கமே நடக்கும். ஆனால் காற்றுத் தடையில் முக்கால்வாசி சைக்கிளால் வருவதில்லை, அதன்மேல் குனிந்திருக்கும் ஆளால் வருவது. ஆள் வசதியாகக் குனிய முடியாவிட்டால் மற்றதெல்லாம் அலங்காரம். நான் ஐந்தடி இரண்டு அங்குலம்.

யூன் மாதம் கியூபெக்கின் மொன்ட் ட்ரொம்ப்ளாவில் நடக்கும் பாதி அயன்மேனுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம். தேடித் தேடிக் கடைசியில் இரண்டு சைக்கிள்கள் மிஞ்சின. ஒன்று ரொறன்ரோ கடையொன்றில் நின்ற புத்தம் புதியது: டிஸ்க் பிரேக், 700 சில்லு, விலை ஐயாயிரம் டொலருக்கு மேல். மற்றது மில்ற்றனில் ஒரு பெண்ணின் கராஜில் தொங்கிய செர்வேலோ பி2: 48 சைஸ், பழைய றிம் பிரேக், 650 சில்லு. அவர் கேட்டது 1,600.

இந்தச் சில்லுக் கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 700 என்கிற சில்லில் ரயர் உட்காரும் இடத்தின் விட்டம் 622 மில்லிமீற்றர். பழைய 650சி-யில் 571. ஐந்து சென்ரிமீற்றர் வித்தியாசம். 1980களின் கடைசியில் கலிபோர்னியாக்காரரான டான் எம்ஃபீல்ட், ட்ரையத்லனுக்கென்றே சைக்கிள் செய்யத் தொடங்கியபோது சின்னச் சில்லைத்தான் போட்டார். முன்பக்கம் தாழும், ஆள் நன்றாகக் குனியலாம். நெதர்லாந்திலிருந்து மொன்றியலுக்குப் படிக்க வந்த ஜெரார்ட் வ்ரூமன், ஃபில் வைட்டோடு சேர்ந்து 1995இல் தொடங்கிய செர்வேலோவும் சின்ன ஆட்களுக்கான பிரேமில் அதையே பூட்டியது. பிறகு எல்லாருக்கும் ஒரே சில்லு, ஒரே ரயர், ஒரே ரியூப் என்றால் கம்பனிகளுக்கு லாபம் என்றாயிற்று. 650சி மெல்ல ஒதுங்கியது. டிஸ்க் பிரேக் வந்ததும் கதை முடிந்தது.

கடையில் புதியதை ஸ்ராண்டில் ஏற்றி, என்னை இருத்தி, முழங்கை வைக்கும் மெத்தைகளுக்குக் கீழிருந்த வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். கடைசி வளையமும் போன பிறகும் முன்பக்கம் எனக்கு உயரம்தான். பெரிய சில்லுக்கு மேலே போர்க், அதற்கு மேலே காண்டில். அதற்குக் கீழே இறக்க இடமில்லை. பிறகு வாகனத் தரிப்பிடத்தில் மெதுவாக ஒரு வளைவு எடுத்தேன். சப்பாத்து நுனி முன்சில்லில் உரசியது. அளவு பார்த்த பொடியன் பதமாகச் சொன்னான்: “பழகிவிடும்.”

பழகத்தான் செய்யும். இந்த நாட்டில் நான் பழகாததா? சமையலறை அலுமாரியின் மேல்தட்டு, கழுத்தை அறுக்கும் கார்ப் பட்டி, கால் நிலத்தில் படாத ஒபிஸ் கதிரை. எங்கள் வீட்டில் அறைக்கு ஒரு முக்காலி இருக்கிறது. ஊரோடு ஒத்துப் போ என்பதை நான் உடம்பாலேயே செய்து வந்திருக்கிறேன்.

அக்காவின் மகன் ஸ்காபரோவில் பிறந்தவன், சைக்கிள் பைத்தியம். செர்வேலோவின் படத்தைக் காட்டியதும் சிரித்தான்.

“சித்தி, அது செத்துப்போன சைஸ். வழியிலை ரயர் வெடிச்சா ஆரிட்டை வாங்குவீங்கள்?”

கேள்வி நியாயமானது. பந்தயத்தில் உதவிக்கு வரும் மெக்கானிக்கிடம் 650சி சில்லு இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. சாதாரணக் கடையிலும் அந்த ரியூப் கிடைக்காது, ஓடர் பண்ண வேண்டும். ஆனால் பொருளாதாரத் தடைக்கால வடமராட்சியில் வளர்ந்தவளை இதைச் சொல்லிப் பயப்படுத்த முடியுமா? பெற்றோல் இல்லாத அந்த வருசங்களில் விறகும் நோயாளியும் கல்யாணப் பொம்பிளையும் சைக்கிளில்தான் போனார்கள். டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட ரியூப்பில் நான் ரியூசனுக்குப் போனேன். கிடைக்கும்போது வாங்கி ஒளித்து வைக்கிற புத்தி எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மில்ற்றனுக்குப் போனேன். அந்தப் பெண்ணும் என் உயரம்தான். ட்ரையத்லன்காரரிடம் பழைய சைக்கிள் வாங்குவோர் பெயின்றைப் பார்த்து ஏமாறக் கூடாது, காண்டில் பக்கத்து ஆணிகளைப் பார்க்க வேண்டும். மணித்தியாலக் கணக்காகக் குனிந்து ஓடும்போது வியர்வையும் இனிப்புப் பானமும் சொட்டுவது அங்கேதான். ரோர்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு ஆணிகளின் தலையில் துரு; உள்ளே பரவவில்லை, சாவி சுழன்றது. காபன் குழாய்களை நாணயத்தால் தட்டிக்கொண்டு போனேன், எங்கும் சத்தம் மாறவில்லை. ரயர்களின் பக்கச் சுவர் வெடித்திருந்தது. அதைக் காட்டி 1,350க்கு இறக்கினேன். ஏறிக் குனிந்தபோது முழங்கை போய் இருந்த இடத்திலேயே இருந்தது. வளைவில் கால் எதிலும் முட்டவில்லை.

அன்றிரவே நாலு ரயரும் பத்து ரியூப்பும் ஓடர் பண்ணினேன். பேஸ்மன்றில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி நிறைந்தது.

பெறாமகன் இன்னும் விடவில்லை. பிரேக் பழசு, மழையில் பிடிக்காது என்கிறான். அது உண்மை, இறக்கத்தில் கவனமாகத்தான் போக வேண்டும். ஆனால் ஏற்றக் கணக்கை அவனுக்குச் சொல்லிக் காட்டினேன். மொன்ட் ட்ரொம்ப்ளாவில் கால் களைத்த பிறகு டுப்ளெசி வீதி ஏற்றம் வருகிறது. சில்லு சின்னது என்பதால் அதே பல்லுச் சக்கரத்தில் மிதி எட்டு வீதமளவு இலகு. அவன் போனை எடுத்து 571ஐ 622ஆல் பிரித்துப் பார்த்தான்.

“சரி சித்தி,” என்றான், “பின்னுக்கு 28 பல்லுப் போடுவம்.”