டைனமோவும் தமிழோசையும்

பழைய மாணவர் மலர்களில் துடுப்பாட்ட மைதானமும் விடுதிச் சோறும் ஆசிரியரின் பிரம்பும் தவறாது இடம்பெறும். அவற்றை எழுத வல்லார் பலர் உளர். நானோ எங்கள் வீட்டு வானொலிப் பெட்டி ஒன்றைப் பற்றி எழுதத் துணிகின்றேன். 1990 முதல் 1995 வரை நம் கல்லூரியில் உயர்தரம் கற்றோர் தலைப்பைக் கண்டதும் புன்முறுவல் செய்வர் என்பது என் நம்பிக்கை.

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. அரசு விதித்த பொருளாதாரத் தடையில் எரிபொருளோடும் சவர்க்காரத்தோடும் பற்றரியும் அகப்பட்டது. சவர்க்காரம் இல்லையெனிற் பனம்பழத்தைக் கொண்டு துணி துவைக்கலாம். பற்றரி இல்லையெனில் வானொலி ஊமையாகிவிடும். ஆகவே துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்தோம். டைனமோ தருவது ஆடலோட்டம். பழுதான பெட்டிகளிற் கழற்றிய நான்கு டயோட்டுகளும் ஒரு கொண்டன்சரும் அதனை நேரோட்டமாக்கின. பௌதிகவியலில் நான் ஐயந்திரிபறக் கற்ற பாடம் அது ஒன்றே எனலாம். சுற்றுபவன் களைத்தாற் செய்தி தேயும். “ஒரேயளவாய்ச் சுத்து, தம்பி” என்பார் ஐயா.

இரவு ஒன்பதேகால் மணிக்கு இலண்டன் பீபீசீயின் தமிழோசை வரும். 1941 இல் தொடங்கிய அத்தமிழ் ஒலிபரப்புக்கு அப்பெயரைச் சூட்டியவர் நம் யாழ்ப்பாணத்தவரான சோ. சிவபாதசுந்தரம் என்பதை ஐயா பெருமையோடு சொல்லுவார். கொழும்பு அரச வானொலி ஒன்று கூறும்; புலிகளின் குரல் மற்றொன்று கூறும். இரண்டுக்கும் தத்தம் காரணங்கள் இருந்தன. உண்மையை மறைத்தோர் தெற்கில் மட்டுமே இருந்தனர் என்று எழுதினால் நான் பொய்யனாவேன். நம் பல்கலைக்கழக ஆசிரியர் நால்வர் எழுதிய ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியருள் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்ரெம்பரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆங்கில மூலநூல் மறு ஆண்டு அமெரிக்காவில் அச்சேறியது. யாழ்ப்பாணத்தைப் பற்றிய நூலை யாழ்ப்பாணத்திலே வெளிப்படையாகக் கையில் வைத்திருக்க அஞ்சினோம்.

1993 சனவரி 2 ஆம் நாள் கிளாலிக் கடனீரேரியிற் பயணிகள் படகுகள் கடற்படையினராற் தாக்கப்பட்டுப் பலர் மாண்டனர். அக்கிழமை அவ்வழியாக வீடு மீள வேண்டியவர் சித்தப்பா. மறுநாள் இரவு நான் கை ஓயாது சுற்றினேன். செய்தி தொகையைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. நான்காம் நாட் காலை சித்தப்பா வந்து படலையைத் தட்டினார். அம்மா அழுதுகொண்டே புட்டவித்தார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே பெயர்ந்து நடந்தபோது அப்பெட்டி ஐயாவின் தோளில் வந்தது. அதற்கு முந்திய மாதமே இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை விதிக்கப்பட்டிருந்தது.

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்து, 2008 இன் இறுதியில், ஐயாவும் நானும் வெள்ளவத்தையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். சித்தப்பா குடும்பத்தோடு வன்னியில் அகப்பட்டுக்கொண்டார். தமிழோசை அப்போது உள்நாட்டுப் பண்பலையிலும் அஞ்சல் செய்யப்பட்டுத் தெளிவாகக் கேட்டது. ஆயினும் சில இரவுகளில் வன்னிச் செய்தி வரும் வேளையில் ஒலி அற்றுப்போகும். நான் அதனைக் கருவிக் கோளாறு என்றே எண்ணினேன். ஐயா எண்ணவில்லை. பழைய பெட்டியைச் சிற்றலையிலும் புதியதைப் பண்பலையிலும் வைத்து இரண்டையும் அருகருகே பாடவிட்டார். சிற்றலை இரைச்சலோடு பேசிக்கொண்டிருக்கப் பண்பலை வாய் மூடிற்று. பழைய கொப்பி ஒன்றில் நாளையும் நிமிடத்தையும் குறித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற எழுதுவினைஞரின் கை. கோடு தப்பாத எழுத்து.

2009 பெப்ரவரியில், தன் நிகழ்ச்சிகளில் வேண்டுமென்றே குறுக்கிடுகின்றனர் எனக் கூறிப் பீபீசீ அவ்வஞ்சலை நிறுத்திற்று. செனீவாவில் மனித உரிமைப் பேரவை இலங்கையைப் பற்றிக் கூடிய 2013 மார்ச்சிலும் அதே கதை நடந்தது. ஐயாவின் கொப்பியை எவரும் கேட்டிலர்.

இக்காலத் தடைக்கு வானொலி வேண்டுவதில்லை. தமிழ்நெற் இணையத்தளம் 2007 யூனில் இலங்கையில் முடக்கப்பட்டு 2015 இற்றான் திறக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 3 ஆம் நாள் சமூக வலைத்தளங்கள் முடங்கியபோது இளைஞர் வீபீஎன் வழியாக வெளிநாட்டுக் கணினி ஒன்றினூடே சுற்றிச் சென்று அவற்றை அடைந்தனர். ‘ஊனி’ என்னும் அமைப்பு 2012 முதல் இத்தகைய தடைகளை அளந்து வருகின்றது. ஒரு தளத்தை நாட்டின் உள்ளிருந்து கேட்டுப் பார்ப்பதும், அதனையே தடையற்ற இடத்திலிருந்து கேட்டுப் பார்ப்பதும், இரண்டையும் ஒப்புநோக்குவதுமே அதன் முறை என்று என் மகள் விளக்கினாள். “உன் அப்பப்பாவின் இரண்டு பெட்டிகள்” என்றேன்.

சித்தியும் மூத்த பிள்ளையும் 2009 யூனிற் செட்டிகுளம் முகாமில் இருப்பதாகத் தெரியவந்தது. சித்தப்பாவைப் பற்றி எந்த அலைவரிசையும் இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை.

சிற்றலைத் தமிழோசை 2017 ஏப்ரல் 30 ஆம் நாளோடு நிறைவுற்றது. அதை ஐயாவுக்கு நான் முன்னரே சொல்லியிருந்தேன். மறுநாளும் ஒன்பதேகாலுக்கு அவர் பெட்டியைத் திருகினார். இரைச்சல் மட்டும் கேட்டது. அரைமணி நேரம் அதனையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் படுக்கச் சென்றார்.