உழைப்பும் துடிப்பும்

நாடி பார்க்கும் கலை நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. மணிக்கட்டின்மீது விரல்களை வைத்து, கண்களை மூடி, உடலின் உள்நிலையைக் கூறிய யூனானி ஹக்கீம்களை நம் பாட்டன்மார் நன்கறிவர். இப்னு ஸீனா (980–1037) தமது ‘கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூலில் நாடியின் தன்மைகளைப் பத்து வகையாகப் பகுத்து ஆராய்ந்தார். அதே நூலில் உடற்பயிற்சிக்கும் சிறப்பிடம் அளித்தார். டமாஸ்கஸைச் சேர்ந்தவரும், கெய்ரோவில் மருத்துவம் புரிந்து 1288இல் மறைந்தவருமான இப்னுந் நஃபீஸ், இதயத்தின் வலப்புறக் குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறத்தை அடைகிறது என்று எடுத்துரைத்தார். இவற்றையெல்லாம் நாம் மேடைகளில் பெருமையோடு பேசுகிறோம். பேசி முடித்தபின் நெய்ச்சோற்றுப் பந்தியில் அமர்கிறோம். அப்பெருமக்கள் எந்த இதயத்தைப் பற்றி எழுதினார்களோ, அந்த இதயம் நம் நெஞ்சுக்குள் எவ்வாறு உழைக்கிறது என்று கேட்பதற்கு மட்டும் நமக்கு நேரமிருப்பதில்லை.

கேளாமையின் விலை என்னவென்று நம் குடும்பங்களுக்குத் தெரியும். நம் பெரியத்தா 54 வயதில் மாரடைப்பால் மறைந்தார். மச்சான் ஒருவர் 49ஐத் தாண்டவில்லை. இருவரும் தொழுகை தவறாதவர்கள், புகைபிடிக்காதவர்கள், ஆனால் பகலெல்லாம் கடைக் கல்லாவில் அமர்ந்திருந்தவர்கள். மௌத்து அல்லாஹ்வின் நாட்டப்படியே வருகிறது. அதில் நமக்கு ஐயமில்லை. எனினும் உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத் அன்றோ? அமானத்துக்குக் கணக்கு வைப்பது நம் கடமையாகும்.

நாம் வாழும் கதிர்காமத்தில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சற்றுத் தொலைவில் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. மருத்துவத்துக்குக் குறைவில்லாத ஊர். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் நம்மைத் தேடி வந்தபோது, மருத்துவர் மாத்திரைகளோடு உடற்பயிற்சியையும் எழுதிக் கொடுத்தார். பேருந்துகளும் இருசக்கர வாகனங்களும் முட்டி மோதும் வழுதாவூர் சாலையில் இந்த வயதில் மிதிவண்டி ஓட்டத் துணிவு வரவில்லை. ஆகவே வீட்டின் பின்னறையில் நிலைச் சைக்கிள் ஒன்று வந்து அமர்ந்தது. “எந்த ஊருக்கும் போய்ச் சேராத சைக்கிள்” என்று பேரப்பிள்ளைகள் அதற்குப் பெயர் சூட்டினார்கள்.

அது ஊர் போய்ச் சேர்வதில்லைதான். ஆனால் இரண்டு எண்களைக் காட்டுகிறது. ஒன்று நம் கால்கள் செய்யும் உழைப்பின் அளவு. அதனை வாட் என்னும் அலகால் குறிக்கின்றனர். பத்து லிட்டர் தண்ணீரை ஒவ்வொரு நொடியும் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதாகக் கொள்வோம். அதற்கு ஏறத்தாழ 100 வாட் ஆற்றல் வேண்டும். உலகப் புகழ்பெற்ற பந்தய வீரர்கள் ஒரு மணிநேரம் முழுதும் 400 வாட் அளவில் மிதிக்க வல்லவர்கள். நம்மைப் போன்றவர்க்கு 80 வாட்டே வியர்வையை வரவழைத்துவிடும். பெடலைத் தாங்கும் தண்டில் ஒட்டப்பட்ட மெல்லிய உலோக இழைகள் நாம் அழுத்தும்போது மிகமிகச் சிறிதளவு வளைகின்றன. அப்போது அவற்றின் மின்தடை மாறுகிறது. அம்மாற்றத்திலிருந்து விசையையும், சுழலும் வேகத்தோடு சேர்த்து வாட்டையும் கருவி கணக்கிடுகிறது. இத்தகைய அளவியைச் சைக்கிளிலேயே பொருத்தும் முறையை 1986இல் ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிச் ஷோபரர் உருவாக்கினார்.

மற்றோர் எண் இதயத்துடிப்பு. மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் நுண்ணிய மின்னோட்டத்தை உணர்கிறது. கைக்கடிகாரமோ தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சிக் குருதியோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அறிகிறது. ஓடியாடும் மனிதரின் துடிப்பைக் கம்பியின்றி அளக்கும் கருவியைப் பின்லாந்துப் பேராசிரியர் செப்போ சைனாயகங்காஸ் தொடங்கிய போலார் நிறுவனம் 1982இல் வெளியிட்டது. ஹக்கீமின் விரல்கள் ஆற்றிய பணியில் ஒரு பகுதியை இன்று ஒரு பட்டை ஆற்றுகிறது.

இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் படிப்பதில்தான் பயனிருக்கிறது. வாட் என்பது நாம் வெளியே ஈட்டிய வரவு. துடிப்பு என்பது அதற்காக உள்ளே கொடுத்த செலவு. வரவை மட்டும் பார்க்கும் வணிகனும், செலவை மட்டும் பார்க்கும் வணிகனும் தம் கடையின் உண்மை நிலையை அறியார். முதல் மாதத்தில் 80 வாட் மிதிக்க நம் இதயம் நிமிடத்துக்கு 134 முறை துடித்ததாகக் குறிப்பேடு சொல்கிறது. நான்காம் மாதத்தில் அதே 80 வாட்டுக்கு 116 துடிப்பே போதுமானதாயிற்று. வரவு மாறவில்லை; செலவு குறைந்தது. பயிற்சியால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியைச் செலுத்தக் கற்றுக்கொள்கிறது. தசைகளும் வந்த உயிர்வளியை வீணாக்காமல் பயன்படுத்தப் பழகுகின்றன. எடைக்கருவியில் ஒரு கிலோ கூடக் குறையாத மாதங்களிலும் இந்த மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. எடை குறையவில்லையே என்று சோர்ந்து பயிற்சியை விட்டுவிடுவோர்க்கு இதனினும் பெரிய ஆறுதல் வேறில்லை.

கடற்கரை ஊரில் வாழ்வோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். நாம் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரையே பெடலைச் சென்றடைகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. சாலையில் எதிர்க்காற்று அவ்வெப்பத்தை அள்ளிச் செல்லும். மூடிய அறையில் அதற்கு வழியில்லை. புதுவையின் ஈரக்காற்றில் வியர்வை உலராமல் சொட்டுகிறது. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. அதனால் தோலைக் குளிர்விக்கக் குருதி அங்கே திரும்புகிறது, நீர் குறைகிறது, இதயம் விரைகிறது. சித்திரை வெயிலில் ஒருநாள் பத்தாவது நிமிடத்தில் 116ஆக இருந்த துடிப்பு, வாட் மாறாதிருக்கவே நாற்பதாவது நிமிடத்தில் 128ஐத் தொட்டது. சன்னலைத் திறந்து, மின்விசிறியை எதிரே வைத்து, இடையிடையே தண்ணீர் அருந்தினால் இந்த ஏற்றம் தணிகிறது. உறக்கமற்ற இரவின் மறுநாளும், காய்ச்சல் வரவிருக்கும் நாளிலும் துடிப்பு இவ்வாறே உயரக்கூடும். ‘இன்று ஓய்வு கொள்’ என்று உடல் விடுக்கும் முன்னறிவிப்பாக அதனைக் கொள்ளலாம்.

ஆயினும் எண்களை அளவுக்கு மீறி நம்பிவிடலாகாது. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு கிடைக்கும் என்னும் கணக்கு 1971ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றால் பரவியது. அது பலருடைய சராசரியேயன்றி ஒருவருடைய அளவன்று. ஒரே வயதினரிடையே பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் கூடியும் குறைந்தும் இருப்பது இயல்பு. 2001இல் வேறொரு கணக்கும் வந்தது: வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிப்பது. அதுவும் சராசரியே. மேலும், இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் பீட்டா தடுப்பு மாத்திரைகள் துடிப்பை உயரவிடாமல் தடுக்கும். அவற்றை உண்ணும் பெரியவர்கள் துடிப்பு குறைவாக இருக்கிறதென்று எண்ணித் தம்மை மேலும் வருத்திக்கொள்வது பேராபத்தாகும். அவர்கள் வாட்டையும் மூச்சையும் கவனிக்க வேண்டும். மிதிக்கும்போது முழு வாக்கியம் பேச இயன்றால் உழைப்பு மிதமானது. சொற்கள் துண்டுபட்டால் கடுமையானது.

இவ்வறைக்குள் நிகழ்ந்த மாற்றங்களுள் நம் இல்லாள் மிதிக்கத் தொடங்கியதே பெரிது. நடைப்பயிற்சிக்குப் போகச் சொன்னால், “தெருவில் நாலுபேர் பார்க்க நான் நடக்கவா?” என்று கேட்டவர் அவர். நம் பெண்களுக்கு மிதிவண்டி அந்நியமன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தின்போது, முஸ்லிம் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் கற்றுச் சாலையில் சென்றனர். ஆனால் ஐம்பது வயதில், மூட்டு வலியோடு, சாலைக்கு வர எல்லாரும் துணிவதில்லை. அத்தகையோர்க்குக் கதவைச் சாத்திக்கொண்டு மிதிக்கும் அறை ஒரு நல்வாய்ப்பு. முதலில் 40 வாட்டுக்கே அவருடைய துடிப்பு 138ஐ எட்டியது. நான்கு மாதங்களில் அது 118ஆக இறங்கியது. இப்போது மாடிக்குத் துணி உலர்த்தச் செல்பவர் இடைப்படியில் நிற்பதில்லை. நம் வீட்டு ஆண்களின் இதயத்துக்குச் சோதனை மேல் சோதனை செய்கிறோம். பெண்களின் மூச்சிரைப்பை ‘வயதாகிவிட்டது’ என்று தள்ளிவிடுகிறோம். அந்த வழக்கம் மாற வேண்டும்.

ரமளானில் என்ன செய்வதென்று நண்பர்கள் கேட்கின்றனர். நோன்பு நேரத்தில் கடும் பயிற்சி தேவையில்லை. நீரின்றி இதயம் வீணே விரையும். தராவீஹுக்குப் பின் சற்று மெதுவாக மிதித்தால் பழக்கம் விட்டுப்போகாது. சர்க்கரைக்கு மருந்துண்போர், குறிப்பாக இன்சுலின் ஏற்றுவோர், சர்க்கரை அளவு தாழ்ந்துவிடாமல் இருக்க நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கலந்து நேரத்தையும் அளவையும் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இக்கருவிகளால் இரு நோய்கள் வரலாம். ஒன்று வஸ்வாஸ்: நாள் முழுதும் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு துடிப்புக் கூடினாலும் அஞ்சுவது. மற்றொன்று ரியா: தன் வாட்டைப் படமெடுத்து ஊராருக்கெல்லாம் காட்டுவது. இந்தக் கணக்கேடு பிறர் பார்வைக்கன்று. இரவில் தன் செயல்களைத் தானே எண்ணிப் பார்க்கும் முஹாஸபா நம் முன்னோர் போற்றிய பழக்கம். அதுபோல் நேற்றைய நம்மோடு இன்றைய நம்மை ஒப்பிடுவதே இதன் பயன். இளைஞனின் 200 வாட்டுக்கும் முதியவரின் 50 வாட்டுக்கும் இடையே போட்டியில்லை.

விலையுயர்ந்த கருவியில்லையே என்று எவரும் தயங்க வேண்டியதில்லை. இறுக்கும் திருகுள்ள எளிய நிலைச் சைக்கிள் போதும். திருகை ஒரே இடத்தில் நிறுத்தி, நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று ஒரே வேகத்தில் பத்து நிமிடம் மிதியுங்கள். உடனே மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடிகள் எண்ணி நான்கால் பெருக்குங்கள். அந்த எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். மாதமொருமுறை இவ்வாறு செய்தால், உழைப்பின் அளவு மாறாதிருக்கத் துடிப்பு எவ்வாறு இறங்குகிறது என்பது தெளிவாகும். தொடங்குமுன் மருத்துவரைக் காணுங்கள். நெஞ்சு வலித்தாலோ, இடக்கை கனத்தாலோ, தலை சுற்றினாலோ அக்கணமே நிறுத்தி மருத்துவமனைக்கு விரையுங்கள்; எந்த எண்ணும் அதற்கு மேலன்று.

வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் வலியுறுத்தியது. சுபுஹுத் தொழுகைக்குப் பின் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம், அவ்வளவே. அந்நேரத்தில் நம்மில் பலர் மீண்டும் போர்வைக்குள் புகுந்துவிடுகிறோம். பிள்ளைகளின் திருமணத்துக்கும் படிப்புக்கும் வீட்டுக்கும் சேமிக்கும் தந்தையர், அவற்றைக் கண்ணால் காணும் வலிவையும் சேமிக்க வேண்டாமா? அல்லாஹ் அளித்த துடிப்புகள் எத்தனை என்பது அவனுக்கே வெளிச்சம். அவற்றைச் சிக்கனமாகச் செலவிடும் வழியை அறியும் அறிவையும் அவனே தந்திருக்கிறான். அவ்வறிவைப் பயன்படுத்தும் தவ்ஃபீக்கை அவன் நம் எல்லார்க்கும் அருள்வானாக.